ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு வந்தேன்

போன சனிக்கிழமை ஜொகூர் பாரு மார்க்கெட்டில் கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரர் மணியத்துக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். மீனைத் தராசில் போட்டபடியே கேட்டார்.

"எப்ப வந்தீங்கம்மா?"

"புதன்கிழமை."

"எப்ப பாலேக்?"

எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று அர்த்தம். இங்கே மலாயும் தமிழும் ஒரே வாயில் கலந்துதான் வரும்.

இதே இரண்டு கேள்விகள் நாகப்பட்டினத்திலும் எனக்காகக் காத்திருக்கும். எப்ப வந்தீங்க, எப்ப கிளம்புறீங்க? இரண்டு ஊரில் இருப்பவளிடம் கேட்க மனிதர்களுக்கு வேறு கேள்வியே கிடையாது போலிருக்கிறது. வந்ததற்கும் போவதற்கும் நடுவில் சில மாதங்கள் நானும் இருக்கிறேனே... அதைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை.

பக்கத்தில் இறால் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் என்னை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"பேப்பர்ல வர்ற உங்க பத்திய விடாம படிக்கிறேன்லா. ஒன்னு கேக்கலாமா? இந்த வயசுல எதுக்கு அங்க ஆறு மாசம், இங்க ஆறு மாசம்னு அலையிறீங்க? ஒரே எடத்துல இருந்திடலாமே?"

வெயில், மழை, உடம்பு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான். மீன் பையோடு பஸ்ஸில் உட்கார்ந்தபோது, இத்தனை வருடம் எழுதியும் இதை மட்டும் எழுதாமலேயே இருந்திருக்கிறேன் என்பது உறைத்தது. சரி, இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் கணவர் அந்தோணி இதே ஜொகூரில், கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்குவது எல்லாம் அவர் வேலை. டாக்டர் மாதத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் டிரெஸர்தான் டாக்டர்.

நான் நாகப்பட்டினத்தில் இருந்தேன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது ஒரு வருடம்கூட இருக்காது. "ஆறு மாதம் இங்கே வந்து இரு, ஆறு மாதம் அங்கே இரு. அப்படியாவது குடும்பம் நடத்தலாம்" என்று அவர் எழுதினார். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் மகள் ரோஸிக்கு ஒன்றரை வயது. தோட்டத்தில் மலேரியாக் காய்ச்சல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவளை என் அக்கா லூர்துவிடம் விட்டுவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் பிள்ளை இல்லை. ரோஸி பாதி நாள் அவள் இடுப்பில்தான் இருப்பாள்.

துறைமுகத்துக்கு அக்கா குழந்தையோடு வந்தாள்.

"ஆறு மாசந்தானேடி. போயிட்டு வா."

"அம்மா ஆறு மாசத்துல வந்திடுவேன்" என்று நானும் ரோஸியின் காதில் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருவதற்கான டிக்கெட்டும் என் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

நான் வந்து மூன்று மாதத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். தோட்டத்துத் துரை ஒரு காலையில் காரில் ஏறிப் போனார், நாயைக்கூட அவிழ்த்துவிடாமல். சில நாள் கழித்து ரோட்டில் ஜப்பான் சிப்பாய்களின் சைக்கிள்கள் போயின... சைக்கிளுக்குப் பின்னால் சைக்கிள், சத்தமே இல்லாமல், பகல் முழுக்க. ஜன்னலில் நின்று பார்த்தபோது எனக்குப் பயம்கூட வரவில்லை. தூக்கத்தில் எதையோ பார்ப்பதுபோல் இருந்தது.

கப்பல் நின்றுவிட்டது என்றார்கள். சரி, அடுத்த மாதம் வரும் என்று நினைத்தேன். கடல் இருந்த இடத்தில்தானே இருக்கிறது, கப்பல் மட்டும் எங்கே போய்விடும்? அப்படி எத்தனை மாதம் நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. கடிதமும் நின்றது. மூன்றரை வருடத்துக்கு மேல் ஊரிலிருந்து ஒரு வரி இல்லை.

வந்தவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கடிகாரத்தை மாற்றச் சொன்னது. இனி எங்கும் ஜப்பானின் தோக்கியோ நேரம்தான். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தை என் கணவர் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு காலை ஏழு மணி என்றால் வெளியே இன்னும் இருட்டாக இருக்கும். உச்சி வெயில் பிற்பகல் இரண்டு மணிக்கு வரும்.

நாகப்பட்டினம் அந்தப் புது நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால். நான் அதை வைத்துக்கொண்டே வாழப் பழகினேன். கடிகாரம் பத்து என்று காட்டினால், ரோஸி இப்போது எழுந்திருப்பாள். பன்னிரண்டு என்றால், அக்கா அவளுக்கு இட்லியைப் பிய்த்துச் சீனி தொட்டுக் கொடுப்பாள். பால் வெட்டுவது நின்றுபோன ரப்பர் மரங்கள் வாசலில் வரிசை வரிசையாகச் சும்மா நிற்கும். இலை உதிரும் மாதத்தில் தோட்டம் முழுவதும் சிவந்து, காற்றே இல்லாமல் இலைகள் இறங்கிக்கொண்டிருக்கும். நான் கையில் மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு, தோல் சீவாமல், மனதுக்குள் நாகப்பட்டினத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன்.

"ஸ்டெல்லா, அடுப்பு அணைஞ்சு போச்சு" என்பார் என் கணவர். அப்போதுதான் இங்கே வருவேன்.

ஒன்றைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது வருடத்தில் ரோஸியின் முகம் எனக்கு மறந்துவிட்டது. கன்னம் நினைவிருக்கும், மூக்கு வராது. மூக்கைப் பிடித்தால் கண் நழுவிவிடும். கையில் போட்டோ இல்லை. ஆறு மாதத்துக்கு எதற்குப் போட்டோ என்று விட்டுவிட்டு வந்தவள் நான்.

அந்த வருடம்தான் லாரிகள் வந்தன. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை என்றார்கள். ஏறியவர்களில் முருகையாவும் ஒருவர். பால் வெட்டுகிற ஆள், அதிகம் பேசமாட்டார். அவருக்குச் செல்லி என்று மனைவி, ராசாத்தி என்று மூன்று வயது மகள். அடுத்த மழைக்காலத்தில் செல்லிக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. என் கணவர் ஏதோ பட்டையைக் காய்ச்சிக் கசாயம் கொடுத்தார். ஒரு வாரத்தில் செல்லி போய்விட்டாள்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் எல்லோருக்கும் பசி. இன்னொரு வாயைச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் தைரியமில்லை. என் கணவர் ராசாத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நாலு நாள் இங்க இருக்கட்டும். சொந்தக்காரங்க யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போவாங்க."

யாரும் வரவில்லை.

ராசாத்தி என்னை 'டிரெஸரம்மா' என்று கூப்பிட முயன்றாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்று வயது வாய்க்கு அது நீளம். முதலில் 'டிரெ' விழுந்தது. கொஞ்ச நாள் 'சரம்மா'வாக இருந்தேன். பிறகு 'ரம்மா'. ஒரு நாள் தகரக் கூரையில் மழை பெரிதாக இறங்கியபோது ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போது மிஞ்சியிருந்தது 'அம்மா' மட்டும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் அழுதேன். என் கணவர் தேடிக்கொண்டு வந்தார்.

"என்ன ஆச்சு?"

"ரோஸி அங்க யார இப்படிக் கூப்பிடுறாளோ..."

"யாரையாச்சும் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா நல்லதுதானே, ஸ்டெல்லா" என்றார்.

அன்று அது ஆறுதலாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ராசாத்தியைத் தள்ளி வைக்கவில்லை. தலை சீவிவிட்டேன். என் பழைய சேலையில் பாவாடை தைத்தேன். கிழங்கை நான் பிட்டுக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொள்வாள். கனவில் ரோஸி வரும்போதெல்லாம் ராசாத்தியின் முகத்தோடு வர ஆரம்பித்தாள். நான் அதைத் தடுக்கவும் இல்லை.

சண்டை முடிந்தது. கடிகாரம் பழைய நேரத்துக்குத் திரும்பியது. கப்பல் எப்போது விடுவார்கள் என்று தினம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பகலில் வாசலில் ஒரு மனிதர் நின்றார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அந்த லாரியில் போனவர்களில் திரும்பியது முருகையாவும் இன்னொருவரும்தான்.

செல்லியின் செய்தி அவருக்கு வழியிலேயே தெரிந்திருந்தது. ராசாத்தியைப் பார்த்தார். அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரு இது?" என்று கேட்டாள்.

"என்னை யாருன்னு கேக்குதுங்க, டிரெஸரம்மா" என்றார். சிரிப்பதுபோலத்தான் இருந்தது.

சொல்லக்கூடாததை நான் சொன்னேன். "உங்களுக்கு உடம்பு இப்படி இருக்கு. அவ எங்ககிட்டயே இருக்கட்டுமே, முருகையா. நல்லாப் பாத்துக்குவோம்."

அவர் கோபப்படவில்லை. "நீங்க பாத்துக்குவீங்க, தெரியும். ஆனா அந்தக் காட்டுல நான் சாகாம இருந்ததே இதுக்காகத்தாங்க."

அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. தினமும் சாப்பாட்டு நேரம் தாண்டி வருவார். வாசல் பலாமரத்தடியில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு தனியாக அஞ்சாங்கல் ஆடுவார். மிக மோசமாக ஆடுவார். தூக்கிப் போடுவதெல்லாம் கீழே விழும்.

மூன்று நாள் ராசாத்தி கதவோரம் நின்று பார்த்தாள். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் கிட்டே போனாள்.

"அப்படி இல்ல. இப்படி."

அவர் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. "எப்படி? இன்னொரு வாட்டி காட்டு" என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் தோளில் ஏறி உட்காரும் அளவுக்கு வந்துவிட்டாள். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் முருகையாவின் அண்ணன் இருந்தார். அங்கே கிளம்பினார்கள். தோளில் இருந்தபடி ராசாத்தி கையை ஆட்டினாள்.

"அம்மா, சாயங்காலம் வந்திடுவேன்."

நான் தலையாட்டினேன். அந்தச் சாயங்காலம் நான் விளக்கு ஏற்றவில்லை.

சில மாதத்தில் கப்பல் விட்டார்கள். தோட்டம் மறுபடி திறக்கும் நேரம், என் கணவரால் வர முடியவில்லை. தனியாகத்தான் போனேன். கப்பலில் வந்த பெண்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் என்னென்ன செய்வோம் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு, ரோஸிக்கு ஏதாவது ஒரு மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவளுக்குப் பின்னால், இரட்டைப் பின்னலோடு, முன்பல் ஒன்று விழுந்த ஆறு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். என் மாமியார் மூக்கு. அந்த மூக்கை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை.

"அம்மா வந்திருக்கா பாரு. போ" என்றாள் அக்கா.

ரோஸி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே அம்மா?"

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அழுகை வரவில்லை. முன்பே பார்த்த இடத்துக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது... ஒரு சேலைக்குப் பின்னால் ஒரு பிள்ளை, எதிரில் தெரியாத ஒரு ஆள். இந்த முறை நான் எதிர்ப்பக்கம் நின்றேன்.

மறுநாள் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியைப் பார்த்தேன். ரோஸியின் கவுன்கள் மடித்து அடுக்கியிருந்தன. சிலேட்டு, ஜெபமாலை, ஒரு துணிப் பொம்மை. மேலே அக்காவின் வாத்தியார் கையெழுத்தில் ஒரு தாள். கத்தரிக்காய் ஆகாது, சளி பிடித்தால் நெற்றியில் சுக்கு, இடிக்குப் பயப்படமாட்டாள், நாய்க்குப் பயப்படுவாள்.

அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. நான்தான் உள்ளே போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"எப்பக் கூட்டிட்டுப் போற?"

"பெட்டியப் பிரிச்சிடுக்கா."

"ஏன்டி?"

"நான் ஒரு பிள்ளையத் திருப்பிக் கொடுத்திட்டு வரேன். கொடுக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

ராசாத்தி கதையை அப்போதுதான் சொன்னேன். அக்கா கேட்டு முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாள். கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். வேண்டாம்டி, நீ பெற்றவள், கூட்டிக்கொண்டு போ என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. உண்மையைச் சொல்வதென்றால் எல்லாவற்றையும்தான் சொல்ல வேண்டும்.

முருகையாவுக்கு வேறு வழியில்லை. மனைவி இல்லை, கப்பலும் கிடையாது. கூட்டிக்கொண்டுதான் போக முடியும். எனக்குக் கப்பல் இருந்தது. பிள்ளையை இழுப்பதற்குப் பதில் என்னை இழுத்துக்கொள்ளலாம், இல்லையா?

என் கணவருக்கு எழுதினேன். பதில் வந்தது: "உனக்குச் சரி என்று பட்டால் சரி. ஆனால் நான் இங்கே தனியாக இருக்கிறேன் என்பதும் நினைவிருக்கட்டும்." நியாயம்தானே? அப்படி ஆரம்பித்ததுதான் இந்த ஆறு மாதக் கணக்கு. ரோஸி படித்தாள், அக்கா போலவே ஆசிரியை ஆனாள், அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. இப்போது அக்கா இல்லை. என் கணவர் ஜொகூரில் கல்லறையில் இருக்கிறார். மழைக்காலத்துக்கு முன்னால் போய்க் கல்லறையைச் சுத்தம் செய்யாவிட்டால் புல் மூடிவிடும். பேரப்பிள்ளைகள் பரீட்சைக்கு நான் நாகப்பட்டினத்தில் இருந்தாக வேண்டும். ஊர் இரண்டாகப் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. எந்த ஊரில் இருந்தாலும் மற்ற ஊர் பகலில் ஒரு கனவு மாதிரி கூடவே இருக்கும், அவ்வளவுதான்.

ராசாத்தியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். சிம்பாங் ரெங்கத்தில் மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். முருகையா பல வருடம் நன்றாக இருந்துவிட்டுத்தான் போனார். மைலோ கலந்து கொடுத்து, "உக்காருங்க, டிரெஸரம்மா" என்பாள். அந்த நீளமான சொல் இப்போது அவளுக்குச் சுலபமாக வருகிறது. மற்றது எதுவும் அவளுக்கு நினைவில்லை. நானும் சொன்னதில்லை.

சரி, ரோஸி? அவள் எப்போதாவது என்னை அம்மா என்று கூப்பிட்டாளா என்று நீங்கள் கேட்கலாம்.

முதல் இரண்டு முறை போனபோது என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க', 'சாப்பிட வரச் சொன்னாங்க'... இப்படிப் பெயரே இல்லாமல் சமாளித்தாள். அதில் பெரிய கெட்டிக்காரி. நான் முருகையா மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது முறை. அவளுக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பும் அவசரம். குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, துண்டு."

அக்காவும் நானும் ஒன்றாக எழுந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள்.

"நீ போ. உன்னத்தான் கூப்பிடுறா."

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் துண்டு வச்சுட்டுத்தான் அவளக் குளிக்க அனுப்புவேன். அது அவளுக்குத் தெரியும்."

போய்ப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. துண்டு கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் இன்னொன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.